மூன்று குறைகள் என்றால் நெஞ்சைத் திறந்தே ஆக வேண்டுமா?

தென்காசி மாவட்டத்தின் ஒரு சிற்றூரிலிருந்து, நான்கு வயதுச் சிறுமியின் தாய் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வந்த மருத்துவக் குழுவினர் குழந்தையின் நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்பை வெகுநேரம் எடுக்கவில்லை. மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று குறைகள் தெரிந்தன. இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே 14 மி.மீ. துளை. பிறந்த சில நாட்களிலேயே மூடிக்கொண்டிருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய் இன்னும் 3 மி.மீ. திறந்திருக்கிறது. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வாயிலில் உள்ள வால்வு சுருங்கியிருக்கிறது. அதற்கு எதிரே 58 என்று ஓர் எண். குழந்தையின் எடை 13 கிலோ.

குழந்தைகள் இதயநோய் மருத்துவர் ஒருவர், மூன்றையும் நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகவே ஒரே நாளில் சரிசெய்யலாம் என்றாராம். இன்னொரு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணர், "மூன்று கோளாறு இருக்கிறது, நெஞ்சைத் திறந்து ஒரே தடவையில் முடித்துவிடலாம்" என்றாராம். மாமியாருக்கு இரண்டிலும் சம்மதமில்லை. உடம்புக்குள் இரும்பு வைக்கக் கூடாது. பெண்பிள்ளை நெஞ்சில் தழும்பும் கூடாது. பிள்ளை நன்றாகத்தான் ஓடியாடுகிறது, பத்து வயதுக்கு மேல் பார்க்கலாம் என்கிறார். அடுத்த தெருப் பையனுக்கு இப்படித்தான் துளையை மூடும் 'குடை' வைக்கப் போய், முடியாமல், பிறகு நெஞ்சைத் திறந்தார்கள் என்ற கதை வேறு வீட்டில் ஓடுகிறது. கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வட்டிக்குப் பணம் கேட்டு வைத்திருக்கிறார். கணவர் இவருக்கு அத்தை மகன். இவருக்கு இப்போது இரண்டாவது கர்ப்பம், நான்காம் மாதம். முதல் கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி ஆயிற்றோ என்று நான்கு ஆண்டுகளாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "குளிப்பாட்டும்போது நெஞ்சில் கை வைத்தால் பூனை உறுமுவது போல அதிர்கிறது. அது என்ன டாக்டர்?"

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். எட்டுப் பக்கத்திலும் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். நீங்கள் கையில் உணர்வது, சுருங்கிய வால்வின் வழியே ரத்தம் பீறிட்டுப் போகும் அதிர்வாக இருக்கலாம். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் விரல் அதிர்கிறதல்லவா, அதே கணக்கு. பூனை உறுமுவது போல என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதி வைத்ததை நாங்கள் இன்றும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு தாய் தன் கையால் கண்டுபிடித்து அதே சொல்லில் எழுதியதை இப்போதுதான் பார்க்கிறேன்.

உங்கள் மகளை நான் நேரில் பார்க்கவில்லை. எக்கோ அறிக்கையின் எழுத்தைத்தான் படித்தேன், படத்தைப் பார்க்கவில்லை. ஆகவே இதைச் செய்யுங்கள் என்று தீர்ப்பு எழுத மாட்டேன். இரண்டு மருத்துவர்கள் சொன்னதையும் எப்படி எடைபோடுவது என்று மட்டும் சொல்கிறேன்.

எண்ணிக்கையை விட்டுவிடுங்கள்

மூன்று என்ற எண்தான் உங்களைப் பயமுறுத்துகிறது. 'ஒன்று என்றால் குழாய் வழி, மூன்று என்றால் கத்தி' என்று ஒரு விதியும் இல்லை. ஒவ்வொரு குறையும் எந்த வகை, எங்கே இருக்கிறது, சுற்றிலும் பிடிமானம் உண்டா என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு துளைதான் இருந்தாலும் அது தவறான இடத்தில் இருந்தால் நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும். மூன்று இருந்தும் மூன்றும் வாகான இடத்தில் அமைந்துவிட்டால் தொடையில் ஓர் ஊசித் துளையோடு முடிந்துவிடும்.

மேலறைத் துளையை எடுத்துக்கொள்வோம். தடுப்புச் சுவரின் நடுவே விழும் துளையைத்தான் குடை போன்ற கருவியால் வழக்கமாக மூட முடியும். சுவரின் அடிப்பகுதியில், கீழ் வால்வுகளை ஒட்டி இருக்கும் துளைக்குக் கருவி வைத்தால் அது வால்வையே கெடுத்துவிடும். மேல் ஓரத்தில் பெரிய சிரை வந்து சேரும் இடத்தில் இருக்கும் துளையோடு நுரையீரல் சிரைகளும் இடம் மாறித் திறந்திருப்பது வழக்கம். அதற்கும் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். உங்கள் அறிக்கையில் நடுத்துளை என்றே இருக்கிறது. ஆனால் அதன் விளிம்புகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கருவியின் இரு தட்டுகளும் கவ்விப் பிடிக்கச் சுற்றிலும் ஏறத்தாழ 5 மி.மீ. சதை வேண்டும். எல்லாப் பக்கமும் கச்சிதமாக இருக்க வேண்டும் என்பதில்லை. குறிப்பாகக் கீழ்ப்பக்க விளிம்பு இல்லையென்றால் பெரிய சிக்கல். இதை நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் சில குழந்தைகளுக்குத் தெளிவாகப் பார்க்க முடியும், சிலருக்கு முடியாது. மயக்கம் கொடுத்தபின் உணவுக்குழாய்க்குள் சிறு கருவியை இறக்கிப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும்.

அடுத்த தெருப் பையனுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். விளிம்பு போதாது என்று கேத் லேபில், அதாவது இதயத்துக்குள் குழல் விட்டுச் சிகிச்சை செய்யும் எக்ஸ்ரே அறையில், தெரிந்திருக்கும்; வைத்துப் பார்த்துவிட்டு, நிற்காது என்று திரும்ப எடுத்திருப்பார்கள். கருவியைக் கம்பியிலிருந்து விடுவிக்கும்வரை அப்படியே உள்ளே இழுத்து வெளியே கொண்டுவந்துவிடலாம். நிற்காது என்று தெரிந்தும் விட்டுவிட்டு வருபவரைவிட, எடுத்துக்கொண்டு திரும்பி வருபவரே எனக்கு நம்பகமான மருத்துவர். ஊர் அதைத் தோல்வி என்று பேசும். பேசிவிட்டுப் போகட்டும்.

திறந்திருக்கும் ரத்தக்குழாய் 3 மி.மீ. என்றால் கருவியால் மூடுவதற்கு மிகவும் வாகான அளவு. மாத்திரையிலேயே மூடிவிடலாம் என்று உங்களுக்கு வாட்ஸப்பில் வந்த செய்தி முழுப் பொய் அல்ல. ஆனால் அது உங்கள் மகளுக்குப் பொருந்தாது. குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்குப் பிறந்த சில நாட்களுக்குள் கொடுத்தால் மருந்துக்கு அந்தக் குழாய் சுருங்கும். நான்கு வயதில் எந்த மருந்தும் அதை மூடாது. மேலறைத் துளையும் 14 மி.மீ. என்றால் இனித் தானாக மூடிக்கொள்ளும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

மூன்றாவது, வால்வு. அந்த 58 என்பது வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு, பாதரச மில்லிமீட்டரில். 36க்குக் கீழே இருந்தால் லேசானது; 64ஐத் தாண்டினால் கடுமையானது. உங்கள் மகளுடையது நடுவிலே, மேல்படியை ஒட்டி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மேலறைத் துளை வழியாக வலப்பக்கம் வந்து சேரும் கூடுதல் ரத்தமும் அதே வால்வைத்தான் கடந்து போக வேண்டும். அதனால் எக்கோவில் எண் சற்றுக் கூடுதலாகக் காட்டும். கேத் லேபில் நேரடியாக அளந்து பார்த்தால்தான் சரியான கணக்கு கிடைக்கும்.

எது முதலில், எது கடைசியில்

'ஒரே நாளில் மூன்றும்' என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, ஒரே சமயத்தில் மூன்று பேர் கூடி ஏதோ செய்வார்கள் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படியில்லை. வரிசை உண்டு; அந்த வரிசையில்தான் இந்த வேலையின் சூட்சுமமே இருக்கிறது.

தொடை மடிப்பில் உள்ள சிரையில் ஊசி போட்டு, 3 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த தடிமனுள்ள ஒரு குழலை வைப்பார்கள். அதன் வழியே மெல்லிய கம்பி மேலே ஏறி இதயத்தின் வலது மேலறைக்குப் போகும். அங்கிருந்து கீழறை, பிறகு சுருங்கிய வால்வு, பிறகு நுரையீரல் தமனி. எல்லாம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி. முதலில் வால்வின் நடுவில் பலூனை நிறுத்தி, சில நொடிகள் ஊதி, ஒட்டிக்கிடக்கும் இதழ்களைப் பிரிப்பார்கள். வால்வு வளையத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிய பலூனை எடுப்பது வழக்கம். ஊதும்போது திரையில் பலூனுக்கு நடுவே இடுப்பு போல ஒரு சுருக்கம் தெரியும்; சட்டென்று அது விரிந்து மறையும். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், அந்த நொடியில் அறையே ஒரு மூச்சு விடும்.

பிறகு, அதே பாதையில் தொடர்ந்து போய் அந்த 3 மி.மீ. குழாயைக் கருவியால் அடைப்பார்கள். அதைப் பலூனுக்கு முன்பே அடைத்தால் என்ன என்று கேட்கலாம். அந்தக் குழாய் நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு இணைப்பது; பலூனை நிலையாக நிறுத்தப் பெருந்தமனிக்குள் கம்பியைக் கடத்திவிட அதுவே நல்ல வழியாக உதவும். மேலும், புதிதாக வைத்த கருவிக்குப் பக்கத்தில் பலூனை இழுத்தடிப்பதும் நல்லதல்ல. மேலறைத் துளை கடைசி. அங்கே கருவியை வைத்துவிட்டு அதன் ஓரமாகவே மறுபடி கம்பிகளை ஏற்றி இறக்கினால் கருவி இடம் பெயரலாம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வால்வு அடைபட்டிருக்கும்வரை வலப்பக்க அழுத்தத்துக்கு அந்தத் துளைதான் வடிகால். வடிகாலை முதலில் அடைத்துவிட்டால் வலது கீழறை தத்தளிக்கும்.

ஒரே நாளில் மூன்றையும் செய்வதில் மயக்க மருந்து ஒரு முறையோடு போகும். செலவும் லீவும் மிச்சம். ஆனால் 13 கிலோக் குழந்தைக்கு எக்ஸ்ரேயும், படம் தெரிவதற்காகச் செலுத்தும் சாய மருந்தும் ஓர் அளவுக்கு மேல் போகக் கூடாது. முதல் இரண்டிலேயே நேரம் ஓடிவிட்டால், துளையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கும் மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள். மேலறைத் துளை பொறுத்துக்கொள்ளும். பல மையங்களில் எடை 15 கிலோவைத் தொடும்வரை காத்திருப்பதும் உண்டு. என்னைக் கேட்டால், உங்கள் மகளுக்கு வால்வும் குழாயும் முதலில் முடிந்து, துளை ஓராண்டு கழித்து மூடப்பட்டால்கூட ஒன்றும் குடிமுழுகிவிடாது. தள்ளிப்போடக் கூடாதது வால்வு.

பத்து வயது வரை காத்திருந்தால்

உங்கள் மாமியாரின் வாதத்தில் ஒரு பாதி நியாயம்: குழந்தை ஓடியாடுகிறது என்பது உண்மை. இந்த மூன்று குறைகளுமே பல ஆண்டுகள் வாயைத் திறக்காதவை. வால்வைத் தாண்டி ரத்தத்தைத் தள்ளித் தள்ளி வலது கீழறையின் தசை தடித்துக்கொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் 14 வயதுப் பையன் ஒருவனை அழைத்துவந்தார்கள். பெரிய அளவில் திறந்திருந்த ரத்தக்குழாய். சிறுவயதிலேயே கண்டுபிடித்திருந்தார்கள், கிரிக்கெட் ஆடுகிறானே என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். நான் பார்த்தபோது அவன் கைவிரல் நகங்கள் இளஞ்சிவப்பாக இருந்தன, கால்விரல் நகங்கள் நீலம். நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகி, அழுத்தம் ஏறி, ரத்தம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தக் கட்டத்தில் குழாயை மூடினால் ஆபத்து. மூடாவிட்டாலும் வாழ்நாள் முழுக்கத் துன்பம். அவன் அப்பா அந்தக் கால் நகங்களை அன்றுதான் உற்றுப் பார்த்தார்.

உங்கள் மகளின் 3 மி.மீ. குழாய் அந்த அளவு கொண்டுபோய்விடும் என்று பயமுறுத்தவில்லை. அவளுக்கு இருக்கும் அவசரம் நாட்கணக்கு அல்ல, மாதக்கணக்கு. பத்து வயது என்பது மட்டும் வேண்டாம்.

உடம்புக்குள் இரும்பு

இரும்பு அல்ல. நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகக் கம்பியால் பின்னிய வலை. மேலறைத் துளைக்கு வைப்பதில் உள்ளே பாலியெஸ்டர் துணி தைத்திருப்பார்கள். பெற்றோர் கையில் ஒன்றைக் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். நூல்போல நீளும்; விட்டதும் இரண்டு தட்டும் நடுவில் ஒரு இடுப்பும் கொண்ட பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். மருத்துவமனையில் கேளுங்கள், காட்டுவார்கள். மாமியாரையும் அழைத்துப் போய் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

குழந்தை வளர்ந்தால் கருவி சிறியதாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இதயத்தின் உட்தோல் அதன் மேல் படர்ந்து மூடிவிடும். பிறகு அது சுவரின் ஒரு பகுதி. சுற்றியுள்ள சுவர் வளரும். துளை மறுபடி திறக்காது. பின்னாளில் எம்ஆர்ஐ எடுப்பதற்கும் இந்தக் கருவிகள் பொதுவாகத் தடை இல்லை, கருவியின் விவரம் உள்ள, மருத்துவமனை தரும் அட்டையை முன்கூட்டியே காட்டினால் போதும். மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: கவரிங் கம்மல் போட்டால் உங்கள் மகளுக்குக் காது புண்ணாகிறதா? அது நிக்கல் ஒவ்வாமையின் அறிகுறியாக இருக்கலாம்.

இது ஏதோ புதிய சோதனை என்றும் நினைக்க வேண்டாம். திறந்திருக்கும் குழாயை நெஞ்சு வழியாகச் சென்று முதன்முதலில் கட்டியது 1938இல், பாஸ்டனில், ராபர்ட் கிராஸ். நோயாளி ஏழு வயதுச் சிறுமி. அதே குழாயை நெஞ்சைத் தொடாமல் பெர்லினில் போர்ஸ்ட்மன் அடைத்தது 1967இல். வால்வைப் பலூனால் விரிக்கும் இன்றைய முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜீன் கான் குழுவினர் வெளியிட்டது 1982இல். உங்கள் மகளுக்குச் சொல்லப்படும் மூன்றில் வால்வுச் சிகிச்சைக்கே வயது நாற்பதுக்கு மேல்; குழாயை அடைப்பது அதைவிடப் பழையது.

வெட்டு இல்லை என்றால் ஆபத்தே இல்லையா?

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. "ஆபரேஷன் இல்லாமல், ஆபத்தில்லாமல்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். முதலாவது உண்மை, இரண்டாவது அல்ல. கருவி நழுவி வேறிடம் போகலாம். பெரும்பாலும் குழாய் வழியாகவே மீட்டுவிடுவார்கள், முடியாதபோது அறுவை சிகிச்சை. இதயத் துடிப்பின் ஒழுங்கு சிறிது நேரம் பிறழலாம். தொடை ரத்தக்குழாயில் உறைவு வரலாம். மிக அரிதாக, பின்னாளில்கூட, கருவி சுவரை உரசி அரித்துவிடுவது உண்டு. எல்லாம் சேர்ந்தும் நூற்றில் சிலருக்குத்தான். ஆனால் அந்தச் சிலரில் ஒருவராக உங்கள் மகள் இருந்தால், அதே கட்டடத்தில் குழந்தைகள் இதய அறுவை சிகிச்சைக் குழு இருக்கிறதா என்பதுதான் அன்றைக்குக் கேள்வி. எனவே அவர்கள் இல்லாத இடத்தில் இதைச் செய்துகொள்ள வேண்டாம்.

அந்த அறுவை சிகிச்சை நிபுணர் சொன்னதையும் நீங்கள் வியாபாரப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டீர்கள். அவர் சொன்னதில் தவறே இல்லை. அனுபவமுள்ள மையத்தில் இந்த மூன்றையும் இதய நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு ஒரே தடவையில் சரிசெய்வது நல்ல பலன் தரும், பழகிய சிகிச்சை. ஒரு வாரம் மருத்துவமனை, பிளந்த நெஞ்செலும்பு ஒன்றுசேரச் சில வாரம், நடுநெஞ்சில் கோடு. விளிம்பு போதாது என்றாலோ, வால்வின் இதழ்கள் ஒட்டியிருப்பதற்குப் பதிலாகத் தடித்துக் குழைந்திருந்தாலோ அவர்தான் சரி. தடித்த இதழ்களுக்குப் பலூன் சரியாகக் கேட்காது. ஊதும்போது விரியும், எடுத்ததும் பழையபடி சுருங்கும். அப்படிப்பட்ட வால்வும் மேலறைத் துளையும் சேர்ந்து வரும் சில குழந்தைகளுக்கு உயரக்குறைவு, கண்கள் அகன்றிருப்பது, காதுகள் தாழ்ந்திருப்பது போன்ற சேர்ந்த அடையாளங்கள் இருக்கும். மரபணு மருத்துவர் பார்க்க வேண்டுமா என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

தழும்பைப் பற்றி: நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்ற பேச்சு நான்கு வயதுக் குழந்தையின் இதயத்துக்கு முன்னால் எடுபடக் கூடாது. தழும்புக்குப் பயந்து, விளிம்பில்லாத துளையில் கருவியைத் திணிக்கச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன்

சம்மதப் படிவத்தை ஆஸ்பத்திரி வாசலில் நின்று நிரப்பும் சீட்டாக நினைக்க வேண்டாம். என்ன செய்யப் போகிறார்கள், மாற்று வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கும் சேர்த்துக் கொடுத்ததாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல், சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இரண்டாவது கருத்துக் கேட்பது யாரையும் அவமதிப்பதும் அல்ல. மருத்துவப் பதிவுகளை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி. அறிக்கைத் தாள் மட்டும் போதாது, எக்கோவின் படப்பதிவையும் கேட்டு வாங்குங்கள். வேறு மருத்துவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்: துளையின் விளிம்புகள் எப்படி? வால்வு இதழ்கள் மெலிந்தவையா, தடித்தவையா? எந்த வரிசையில் செய்வீர்கள், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வீர்கள்? கருவி நிற்காவிட்டால் அன்றே அறுவை சிகிச்சையா, பேசிவிட்டு வேறொரு நாளா? கடைசிக் கேள்விக்கான பதிலைப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பல். மகளுக்குக் கடைவாய்ப் பல் இரண்டு சொத்தை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கருவி வைப்பதற்கு முன் அதைச் சரிசெய்தாக வேண்டும். சொத்தைப் பல்லின் கிருமி ரத்தத்தில் கலந்து புதுக் கருவியில் போய் ஒட்டினால் பெரிய வினை. சளி, காய்ச்சல் இருந்தாலும் தேதி தள்ளிப்போகும்; மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை முடிந்து அநேகமாக இரண்டு நாளில் வீடு. முதல் நாலைந்து மணி நேரம் அந்தக் காலை மடக்கக் கூடாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதுதான் முழுச் சிகிச்சையிலும் கடினமான பகுதி, கதைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாதம் குளிர்ந்தாலோ வெளிறினாலோ செவிலியரை உடனே கூப்பிடுங்கள். துளையை மூடியபின் ஆஸ்பிரின் ஆறு மாதம். அந்தக் காலத்தில் சின்னம்மை வந்தாலோ, வீட்டில் யாருக்காவது வந்தாலோ, வேப்பிலை கட்டிவிட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மையும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் குழந்தைகளுக்கு ஆகாது. சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போனால் அது வெயில் சூடு அல்ல. மூடிய கருவியின் ஓரத்தில் ரத்த அணுக்கள் உடைபடும் அடையாளமாக இருக்கலாம். கருவியின் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையை ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்கள்.

வட்டிக்கு வாங்கும் முன்

கணவரிடம் சொல்லுங்கள், அந்தப் பணத்தை இப்போது தொட வேண்டாம். அங்கன்வாடிக்கு வந்தது தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழுவாகத்தான் இருக்கும். 2013இல் தொடங்கிய திட்டம், பிறவி இதயக் குறை அதன் பட்டியலிலேயே உண்டு. அவர்கள் கொடுத்த பரிந்துரைச் சீட்டைத் தொலைக்காதீர்கள். அத்துடன் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்க வேண்டியது ஒன்றே: இரண்டு கருவியும் ஒரு பலூனும் ஒரே அனுமதியில் அடங்குமா, இரண்டு முறை அனுமதிக்கப்பட்டால் இரண்டுக்கும் உண்டா? வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வாங்குங்கள். வழி தெரியாவிட்டால் 104க்கு அழையுங்கள்.

வயிற்றில் இருக்கும் பிள்ளை

கிரகணத்துக்கும் இதயத்துக்கும் சம்பந்தமில்லை. பிள்ளையின் இதயம் உருவாகி முடிவது கருவுற்ற முதல் எட்டு வாரத்துக்குள். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்பதே உறுதியாகாத காலம். பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. பெரும்பாலானோருக்குக் காரணம் என்று ஒன்றைக் காட்டவே முடியாது. சொந்தத்தில் திருமணம் செய்வது ஆபத்தைச் சற்றுக் கூட்டும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அத்தை மகனை மணந்தது நீங்கள் மட்டும் எடுத்த முடிவாக இருந்திருக்காது. அந்தப் பழியை ஏன் தனியாகச் சுமக்கிறீர்கள்?

ஒரு குழந்தைக்கு இருந்தால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று. உங்களுக்கு இப்போது நான்காம் மாதம் என்பதால் சரியான நேரத்தில் இருக்கிறீர்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கென்றே எடுக்கும் எக்கோ ஒன்று உண்டு. வழக்கமான ஸ்கேனோடு அதையும் கேட்டு எடுத்துவிடுங்கள். மகளின் சிகிச்சைத் தேதியைப் பிரசவத்தோடு முட்டிக்கொள்ளாமல் அதற்கு முன்பே வாங்கப் பாருங்கள். கேத் லேபுக்குள் குழந்தையைத் தூக்கிப் போவது கணவர் வேலை. எக்ஸ்ரே அறை, நீங்கள் வாசலோடு நின்றுவிடுங்கள்.

மகளிடம் பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். ஐஸ்க்ரீம் வாங்கப் போகிறோம் என்று வந்து ஊசி அறையில் விழித்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை எங்களைக் கண்டாலே அலறுவார்கள். உங்கள் மகளோ ஆண்டுதோறும் எங்களிடம் வந்தாக வேண்டியவள், ஏனெனில் விரித்த வால்வு பின்னாளில் மறுபடி சுருங்குகிறதா, கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 'நெஞ்சில் உறுமுகிற பூனையைப் போய்ப் பார்க்கப் போகிறோம், காலில் ஓர் ஊசி வலிக்கும், பிறகு தூக்கம் வந்துவிடும்' என்று சொன்னால் போதும்.

வீட்டுக்கு வந்து முதல் முறை குளிப்பாட்டும்போது அதே இடத்தில் கை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கியிருக்கும். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் கலங்க வேண்டாம். வால்வு திறந்த பிறகும், இத்தனை நாள் தடித்துப்போன தசை தளரச் சில மாதங்கள் ஆகும். எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.